வைன் பற்றி ஒன்றுமே தெரியாது, நுவரெலியாவில் ஹோட்டல் வேலை: எங்கே தொடங்குவது?

கொட்டகலைப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 22 வயது. ஹோட்டல் கோர்ஸ் முடித்து நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் ரெஸ்டோரண்டில் டிரெய்னி ஸ்டூவர்ட்டாகச் சேர்ந்திருக்கிறேன். மேசை போடுவது, ஓடர் எடுப்பது, மூன்று தட்டை ஒரே கையில் தூக்குவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. வைன் லிஸ்டைத் திறந்தால்தான் தலை சுற்றுகிறது. இரண்டு பக்கம் முழுக்கப் பெயர்கள், அதில் எது திராட்சையின் பெயர், எது ஊரின் பெயர், எது கம்பெனியின் பெயர் என்றே பிரிக்க முடியவில்லை. ஒரு வெள்ளைக்கார அம்மா ட்ரையாக, ஆனால் ரொம்ப ஹெவி இல்லாமல் ஒரு ரெட் வேண்டும் என்று கேட்டார். சுப்பர்வைசர் அண்ணன் பக்கத்தில் நின்றதால் அவர் பார்த்துக்கொண்டார். எப்போதும் அவர் பக்கத்தில் நிற்க மாட்டாரே.

இன்னொரு விஷயம், நான் குடிப்பதில்லை. டவுனில் வைன் ஸ்டோர்ஸ் என்று போர்டு போட்ட கடைகளிலும் சாராயமும் பியரும்தான் அதிகம் ஓடும், அதனால் வைன் போத்தலைக் கிட்ட இருந்து பார்த்ததே வேலைக்கு வந்த பிறகுதான். அம்மா இந்த வேலைக்குச் சம்மதித்ததும் அரை மனதோடுதான். குடிக்காமலே இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? ரெட்டுக்கும் வைட்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம், ட்ரை என்றால் என்ன, முதலில் ஒரு மடக்கு மட்டும் ஊற்றிக் கொடுப்பது எதற்கு, நம்ம ஊர் உறைப்புச் சாப்பாட்டுக்கு எதைச் சொல்லலாம், இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லித் தாருங்கள்.

கப்பல்காரன்:

தம்பி, டுபாயிலும் அப்புறம் கப்பலிலும் ரெஸ்டோரண்ட் வேலைதான் பார்த்தேன், இப்போது ஹட்டனில் இருக்கிறேன். அங்கே எங்களுக்குச் சொல்லித்தந்த ஒழுங்கிலேயே உனக்கும் சொல்கிறேன். பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்காதே, அது கடைசி வேலை. வைன் எப்படி உண்டாகிறது என்று முதலில் விளங்கினால் பாதி லிஸ்ட் தானாக விளங்கும்.

திராட்சைச் சாற்றில் சீனி இருக்கிறது. ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று மதுசாரமாகவும் வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு லீட்டரில் ஏறக்குறைய 17 கிராம் சீனி மாறினால் 1 சதவீத மதுசாரம் வரும். சீனி முழுக்கத் தீரும்வரை விட்டால் கிடைப்பது ட்ரை வைன். இடையில் நிறுத்தினால் மிச்சச் சீனி தங்கி இனிக்கும். ஆக ட்ரை என்றால் இனிப்பு இல்லை என்பதுதான், வேறு மர்மம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு இடத்தில் நிறையப் பேர் தடுமாறுவார்கள், கெஸ்ட்கூடத்தான். பழ வாசம் வீசினால் அது இனிக்கும் என்று நினைத்துவிடுவார்கள். மூக்குக்கு நன்றாகப் பழுத்த பழம் மாதிரி மணக்கும், வாயில் வைத்தால் துளி இனிப்பு இருக்காது. யாராவது ஃப்ரூட்டியாக வேண்டும் என்று கேட்டால், இனிப்பு வேண்டுமா, இனிப்பில்லாமல் பழ வாசம் வேண்டுமா என்று ஒருமுறை மரியாதையாகக் கேட்டுவிடு.

நிறம் தோலில் இருக்கிறது. ஒரு கறுப்புத் திராட்சையை உரித்துப் பார், உள்ளே சதை வெளிறித்தான் இருக்கும். தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் ரெட். பிழிந்து தோலை நீக்கிவிட்டு வெறும் சாற்றைப் புளிக்க வைத்தால் வைட். கொஞ்ச நேரம் மட்டும் தோலோடு வைத்து எடுத்தால் ரோசே. அதனால் கறுப்புத் திராட்சையிலும் வெள்ளை வைன் வரும், ஷாம்பெயினுக்குப் போகும் மூன்று முக்கியத் திராட்சைகளில் இரண்டு கறுப்புத்தான்.

இப்போது உன் லிஸ்ட். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, ஆர்ஜென்டினா, தென்னாபிரிக்கா போத்தல்களில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் பெரிதாக இருக்கும், ஷிராஸ், மெர்லோ, ஷார்டனே என்று. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் போத்தல்களில் பெரும்பாலும் ஊரின் பெயர்தான் இருக்கும், திராட்சை எது என்று நாம் தெரிந்திருக்க வேண்டும். ஷப்லி என்றால் ஷார்டனே. சான்சேர் வைட் என்றால் சோவினியோன் பிளாங். பர்கண்டி ரெட் என்றால் பினோ நுவார். கியாந்தி முக்கியமாக சாஞ்சோவேசே, ரியோஹா ரெட் முக்கியமாக டெம்ப்ரனீயோ, பரோலோ முழுக்க நெபியோலோ. பிரான்ஸின் போர்டோ ரெட் என்றால் கபர்னே சோவினியோனும் மெர்லோவும் முக்கியமாகச் சேர்ந்த கலவை. ஷார்டனே பிடிக்காது, ஷப்லி கொண்டு வா என்று கேட்கிற கெஸ்டும் இருக்கிறார்கள், அவரிடம் வாதாடாதே, ஷப்லி பெரும்பாலும் மரப் பீப்பாய் வாசம் இல்லாமல், புளிப்புத் தூக்கலாக இருக்கும், அவர் தேடுவது அதைத்தான்.

அந்த அம்மா கேட்டாரே, ட்ரை ஆனால் ஹெவி இல்லை. லிஸ்டில் பினோ நுவார் இருந்தால் அதைச் சொல்லலாம். ரெட்டை லேசிலிருந்து கனம்வரை வரிசை போட்டால் பினோ நுவார், அப்புறம் மெர்லோ, அதற்குமேல் மல்பெக், கபர்னே, ஷிராஸ். ஊருக்கு ஊர், செய்கிறவருக்குச் செய்கிறவர் இது மாறும்தான், ஆனால் மேசையில் நின்று பதில் சொல்ல இந்த வரிசை உனக்குக் கைகொடுக்கும். வைட்டில் பினோ கிரீஜியோ லேசு, சோவினியோன் பிளாங் புளிப்பும் வாசமும் கூட, மரப் பீப்பாயில் வைத்த ஷார்டனே கனம்.

போத்தலில் இருக்கும் ஆண்டு திராட்சை பறித்த ஆண்டு. பழசு என்றால் நல்லது என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிடாதே. உலகத்தில் செய்கிற வைனில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுவது. சோவினியோன் பிளாங் பழசாகிக் கிடந்தால் அதன் வாசம்தான் போகும். திருகு மூடி போட்டிருந்தால் மலிவு வைன் என்று நினைப்பதும் சரியில்லை, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நல்ல நல்ல வைனே திருகு மூடியோடுதான் வருகிறது.

முதல் மடக்கு எதற்கு என்று கேட்டாயே, அது முக்கியம். கெஸ்டுக்கு அந்த வைன் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அதை ஊற்றுவதில்லை, வைன் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஊற்றுகிறோம். தக்கை மூடியில் சில சமயம் டீசீஏ என்று ஒரு பொருள் ஏறிவிடும், அது வைனுக்குள் இறங்கினால் பழ வாசத்தைத் தின்றுவிட்டு நனைந்த அட்டைப்பெட்டி வாசத்தைக் கொடுக்கும். நம்ம பக்கம் ஆனி, ஆடி மழையில் மூலையில் கிடந்து ஊறிய அட்டைப்பெட்டியை மோந்து பார்த்தவனுக்கு அதைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அந்த வைன் செத்த வைன். கெஸ்ட் அப்படிச் சொன்னால் முகம் சுளிக்காமல் சுப்பர்வைசரிடம் கொண்டுபோ, நீயும் ஒருமுறை மோந்து பார்த்துக்கொள், அந்த வாசத்தை ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு மறக்காது.

பழைய டீ மேக்கர்:

கப்பல்காரன் தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார். குடிக்காமல் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஆயுளில் பெரும்பகுதி தோட்டத்து பெக்டரியில் டீ மேக்கராக இருந்தவன். எங்கள் வேலையில் ஒவ்வொரு நாளும் தேயிலைச் சாயத்தைச் சுவை பார்ப்போம், ஆனால் ஒரு கோப்பையும் குடிப்பதில்லை. கரண்டியில் எடுத்துச் சர்ரென்று காற்றோடு சேர்த்து உறிஞ்சுவோம், அந்தத் தெறிப்பில் வாசம் மூக்குக்குப் பின்பக்கமாக ஏறும், நாக்கு முழுக்க ஒருமுறை உருட்டுவோம், துப்பிவிடுவோம். வைன் சுவை பார்க்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். மகள் அடிலெய்டில் இருக்கிறாள், அங்கிருந்து பரோசா பள்ளத்தாக்கு வாகனத்தில் ஒரு மணித்தியாலம் போல. அங்கே ஒரு வைன் பண்ணையில் மேசைக்கு மேசை துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு நம்ம பெக்டரி டேஸ்டிங் ரூமுக்குள் நிற்கிற மாதிரியே இருந்தது.

தம்பி, மலையகத்துப் பிள்ளைக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. ரெட் வைனைப் பற்றிப் பேசும்போது டேனின் என்று ஒரு சொல் அடிக்கடி வரும். திராட்சைத் தோல், விதை, காம்பு, அப்புறம் மரப் பீப்பாய், இவற்றிலிருந்து இறங்குகிற துவர்ப்பு அது. எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் காய்ந்து ஈறு இழுக்கிற மாதிரி ஆகிறது. தேயிலையிலும் அதே குடும்பத்துப் பொருள்கள்தான் துவர்ப்பைக் கொடுக்கின்றன. ஆகவே வீட்டிலேயே இதைச் செய்து பார். ஒரே அளவு பி.ஓ.பி. தேயிலைத் தூள், ஒரே அளவு கொதிநீர், இரண்டு கோப்பை. ஒன்றை 3 நிமிடத்தில் வடி, மற்றதை 15 நிமிடம் விட்டு வடி. சீனி போடாதே. இரண்டாவதைக் குடிக்கும்போது கன்னத்தின் உள்பக்கம் என்ன ஆகிறது என்று கவனி, அதுதான் டேனின். முதல் கோப்பையில் நாலு சொட்டு தேசிக்காய் விடு, தாடை ஓரத்தில் எச்சில் ஊறும், அதுதான் வைனில் சொல்கிற எசிட். இப்போது கொஞ்சம் சீனி போடு, புளிப்பு அடங்கியதாகத் தெரியும். ஆனால் புளிப்பு எங்கும் போகவில்லை, இனிப்பு அதை மூடிவிட்டது, அவ்வளவுதான். ஜெர்மனியில் ரீஸ்லிங் வைனைப் பல இடங்களில் இந்த இரண்டையும் தராசில் வைத்த மாதிரி நிறுத்தித்தான் செய்கிறார்கள்.

அப்புறம் அந்த 15 நிமிடச் சாயத்தில் பால் ஊற்று. துவர்ப்பு குறைந்துவிடும், ஏனென்றால் அது பாலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, உன் எச்சிலை விட்டுவிடுகிறது. ஸ்டேக்கோடும் சீஸோடும் கபர்னேயைக் கொடுக்கச் சொல்வதற்குப் பின்னாலும் இதே கணக்குத்தான். இதை விளங்கிக்கொண்டால் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ரெட் என்று பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை.

ஊர் பற்றியும் ஒரு வார்த்தை. நுவரெலியாத் தேயிலை வெளிர் நிறம், மெல்லிய வாசம். ருகுணுப் பக்கத்துத் தேயிலை கறுத்த சாயம், கனம். ஊவாவில் ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை காய்ந்த காற்று அடிக்கும்போது வருகிற கொழுந்தில் வேறு எந்த மாதத்திலும் வராத ஒரு வாசம் இருக்கும், திம்புளைக்கு ஜனவரியிலிருந்து மார்ச்வரை. திராட்சையிலும் குளிர்ந்த இடத்தில் விளைந்தால் புளிப்புக் கூடி மதுசாரம் குறைந்து லேசாக வரும், வெயில் இடத்தில் சீனி ஏறி மதுசாரமும் கனமும் கூடும். பிரான்ஸின் வட ரோன் பக்கத்து சீராவும் பரோசா ஷிராஸும் ஒரே திராட்சை, ஆனால் முதலாவதில் மிளகு வாசம், இரண்டாவதில் ஜாம் வாசம். கெஸ்ட் இந்த ஊர் தேயிலையைப் பற்றி உன்னிடம் கட்டாயம் கேட்பார்கள், அதைச் சொல்லத் தெரிந்தவன் வைனைப் பற்றிப் பேசவும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பாடசாலை வீதி:

நான் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. மகன், உன் தொழிலைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இங்கே எல்லோரும் சுவையைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒருவராவது இதையும் சொல்ல வேண்டும். சம்பள நாள் சாயந்திரம் எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும், மறுநாள் வகுப்பில் அது தெரிந்துவிடும். அதனால்தான் உன் அம்மாவுக்குப் பயம், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

வைன் என்றால் பழச்சாறு மாதிரி, உடம்புக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது என்று ஒரு பேச்சு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார். சாராயம் 33 சதவீதத்துக்கு மேல், வைன் பெரும்பாலும் 12 முதல் 14 சதவீதம். அளவு வேறு என்பதால் 150 மில்லிலீட்டர் வைனில் இருக்கும் மதுசாரமும் 50 மில்லிலீட்டர் சாராயத்தில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். மதுசாரம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே முதல் பிரிவில் போட்டுவிட்டது, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. ஆகவே கெஸ்டிடம் இது உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்காதே. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது நம் நாட்டில் சட்டவிரோதம், வயதில் சந்தேகம் வந்தால் சுப்பர்வைசரிடம் சொல். போயா நாளில், அதாவது பௌர்ணமி நாளில், விற்பனை கிடையாது, வெளிநாட்டுக்காரருக்கு அது தெரியாமல் இருக்கும், முதல் நாளே சொல்லி வைத்தால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை.

மேசையில் கெஸ்ட் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் போத்தல் ஒன்று இருக்கும், ராத்திரி ஷிப்ட் முடிந்து எல்லோரும் களைத்திருக்கும் நேரம் அதை யாராவது நீட்டுவார்கள். என்னிடம் படித்த நல்ல பிள்ளைகள் சிலருக்கு அது அந்த இடத்தில்தான் தொடங்கியது. வேண்டாம் என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடு. முதல் நாள் சொன்னால் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

கொட்டகலைப் பொடியன்:

டீச்சர், நீங்கள் சொன்னதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மிச்ச போத்தல் விஷயம் உண்மைதான், எங்கள் இடத்திலும் நடக்கிறது, நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐயா, 15 நிமிடச் சாயமும் போட்டுப் பார்த்தேன், கன்னம் இழுத்தது, பால் விட்டதும் இறங்கிவிட்டது. ஹோட்டலில் ட்ரெய்னிங்குக்குத் திறக்கும் போத்தலை மோந்து பார்த்துத் துப்பலாம் என்று சுப்பர்வைசர் அண்ணனும் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டைப் பற்றி யாராவது சொல்லுங்கள், எங்கள் பஃபேயில் சோறு கறி ஒரு பக்கம், வெள்ளைக்காரச் சாப்பாடு ஒரு பக்கம்.

எல்ல கெஸ்ட் ஹவுஸ் அக்கா:

தம்பி, சமையல் பக்கம் நான் சொல்கிறேன். எல்லவில் சின்னதாக கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு கெஸ்ட் தங்கள் போத்தலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு என் கறியோடு குடித்துப் பார்ப்பார்கள், அப்போது அவர்கள் முகத்தைப் பார்த்தே நிறையப் படித்தேன்.

உறைப்புக்கு எதிரி இரண்டு: துவர்ப்பும் கூடின மதுசாரமும். கட்டசம்பலும் கோழிக்கறியும் சாப்பிட்டுவிட்டு 14.5 சதவீத ஷிராஸைக் குடித்தால் வாய் பற்றி எரியும், வைனும் கசக்கும், கறியின் வாசமும் தெரியாது. ஆகவே சோறு கறி எடுக்கிற கெஸ்டுக்கு மதுசாரம் குறைந்த, குளிரக் குடிக்கிற, லேசாக இனிப்புத் தங்கியிருக்கிற வைட்டைச் சொல். ஜெர்மனி மோசெல் பக்கத்து ரீஸ்லிங்கில் கபினெட் என்று போட்டது பல போத்தல் 8, 9 சதவீதம்தான், இனிப்பும் புளிப்பும் சேர்ந்து இருக்கும், தேங்காய்ப்பால் கறிக்கும் பருப்புக்கும் எடுப்பாக நிற்கும். கெவூர்ஸ்ட்ராமினர் என்று வாயில் நுழையாத பெயரில் ஒன்று இருக்கிறது, பிரான்ஸின் அல்சாஸ் பக்கம் பேர்போனது, திறந்தால் லைச்சிப் பழ வாசமும் ரோசாப்பூ வாசமும் வரும், ஏலம் கறுவா போட்ட கறிக்கு அதைவிட வேறு எதுவும் எனக்குப் பிடித்ததில்லை. லிஸ்டில் இரண்டும் இல்லை என்றால் ரோசே. ரெட்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றால் பினோ நுவார், அதையும் கொஞ்சம் குளிர வைத்து. நல்ல உறைப்புள்ள டெவில் சிக்கனுக்கு மனசாட்சிப்படி சொல்வதானால் குளிர்ந்த பியர், இல்லாவிட்டால் தேசிக்காய்ச் சாறு. அதைச் சொல்வதில் தப்பே இல்லை, கெஸ்ட் உன்னை அதிகம்தான் நம்புவார்.

வெள்ளைக்காரப் பக்கத்துக்கு வா. ட்ரவுட் மீன் உங்கள் மெனுவில் கட்டாயம் இருக்கும், அதற்கு நியூசிலாந்து சோவினியோன் பிளாங். அதில் பேஷன் புரூட்டும் நறுக்கின கறிமிளகாயும் சேர்ந்த மாதிரி வாசம் வரும், மீனுக்கு மேலே தேசிக்காய் பிழிவதற்குப் பதில் அந்தப் புளிப்பே அதைச் செய்துவிடும். ஸ்டேக்குக்கு ஐயா சொன்ன கணக்கில் கபர்னே, மல்பெக். கோழி, காளான், கிரீம் சோஸ் எல்லாம் ஷார்டனே. இனிப்புக்கு ஒரே சட்டம்தான்: பலகாரத்தைவிட வைன் இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வைன் வெறும் புளியாகத் தெரியும். வட்டலப்பத்தின் கருப்பட்டிக்கு டோனி போர்ட் வைன் ரொம்பப் பொருந்தும், அது புளிக்கும்போதே நடுவில் திராட்சை ஸ்பிரிட் ஊற்றி நிறுத்திச் செய்வது, இனிப்பும் இருக்கும், 20 சதவீதம் போல மதுசாரமும் இருக்கும், சின்னக் கிளாஸில்தான் ஊற்ற வேண்டும்.

குளிர் விஷயத்தில் உனக்கு அதிர்ஷ்டம். ரெட்டை அறை வெப்பநிலையில் கொடு என்று புத்தகத்தில் இருக்கும், அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 பாகைவரை. கொழும்பில் 30 பாகையில் மேசையில் நிற்கிற ரெட் கஷாயமாகிவிடும், அங்கே அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும். நுவரெலியாவில் அலுமாரியிலிருந்து எடுத்தாலே சரியான பதத்தில் இருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் மட்டும் பார்த்துக்கொள், பனி கொட்டுகிற ராத்திரிகளில் ஸ்டோரில் கிடந்த ரெட் ரொம்பக் குளிர்ந்து துவர்ப்பு மட்டும் தூக்கித் தெரியும், பரிமாறுவதற்கு முன்னமே டைனிங் ரூமுக்குள் கொண்டுவந்து வை, ஆனால் நெருப்படுப்புக்குப் பக்கத்தில் வைக்காதே. வைட்டுக்கு 8 முதல் 12, ஷாம்பெயின் வகைகளுக்கு அதைவிடவும் கொஞ்சம் குளிர.

கொட்டகலைப் பொடியன்:

அக்கா, இதை அப்படியே நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். கடைசியாக ஒன்று. டிசம்பர் வந்தால் ஷாம்பெயின் வகை நிறையத் திறக்க வேண்டி வரும் என்கிறார்கள். எனக்கு இந்த வெடிக்கிற மூடியைக் கண்டால் பயம். சாதாரணத் தக்கையையும் இன்னும் கெஸ்ட் முன்னால் திறந்ததில்லை. கப்பல்காரன் அண்ணே, கையை எங்கே வைப்பது என்பதிலிருந்து சொல்லுங்கள். மிச்சம் வருகிற வைனை எத்தனை நாள் வைக்கலாம் என்பதையும்.

கப்பல்காரன்:

சாதாரணத் தக்கை முதலில். போத்தலைக் கெஸ்டிடம் லேபிள் தெரியக் காட்டி, பெயரையும் ஆண்டையும் வாயால் சொல், அவர் தலையாட்டிய பிறகுதான் திறக்க வேண்டும். ஆண்டு மாறி வந்திருந்தால் அந்த இடத்திலேயே பிடிபடும், பில் வரும்போது சண்டை இருக்காது. போத்தல் வாயில் இரண்டு விளிம்பு இருக்கும், கீழ் விளிம்புக்கு அடியில் கத்தியைச் சுற்றி வெட்டி, வாயை மூடியிருக்கும் தாளை எடு, மேல் விளிம்பில் வெட்டினால் ஊற்றும்போது வைன் தாளில் பட்டு ஒழுகும். துணியால் வாயைத் துடை. திருகின் நுனியைத் தக்கையின் நடுவில் குத்தி நேராக நிறுத்தி, போத்தலை அசைக்காமல் திருகை மட்டும் சுற்று, ஒரு சுற்று வெளியில் மிச்சம் இருக்கும்போது நிறுத்து, முழுக்க இறக்கினால் அடிப்பக்கம் துளைத்துத் தக்கைத் தூள் உள்ளே விழும். நெம்புகோலை விளிம்பில் வைத்து மெதுவாகத் தூக்கி, கடைசி அரை அங்குலத்தைக் கையால் பிடித்து ஆட்டி எடு, சத்தம் வரக்கூடாது. திரும்பவும் வாயைத் துடை. ஓடர் சொன்னவருக்கு ஒரு மடக்கு, அவர் சரி என்றதும் முதலில் பெண்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கு, ஓடர் சொன்னவருக்குக் கடைசியில். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதே, வாசம் சுழல இடம் வேண்டும். ஊற்றி முடிக்கும்போது போத்தலைக் கொஞ்சம் திருப்பி நிமிர்த்தினால் சொட்டு மேசைவிரிப்பில் விழாது. இதைத் தண்ணீர் நிரப்பின வெறும் போத்தலை வைத்துப் பழகு. தக்கை பாதியில் உடைந்தால் பதறாதே, திருகைச் சரித்துக் குத்தி மிச்சத்தை மெல்ல இழு, அப்படியும் வராவிட்டால் மன்னிப்புக் கேட்டு உள்ளே கொண்டுபோய் வேறு போத்தல் எடு.

இனி ஷாம்பெயின். முதலில் ஒன்று, பொங்குவது எல்லாம் ஷாம்பெயின் இல்லை, பிரான்ஸின் ஷாம்பெயின் பிரதேசத்தில் செய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர். இத்தாலியின் புரோசெக்கோ, ஸ்பெயினின் காவா எல்லாம் வேறு, லிஸ்டில் எது இருக்கிறதோ அந்தப் பெயரைத்தான் கெஸ்டிடம் சொல்ல வேண்டும், விலை வித்தியாசம் பெரிது.

ஷாம்பெயின் போத்தலுக்குள் சுமார் 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, உன் பயம் நியாயமான பயம்தான். நன்றாகக் குளிர்ந்த போத்தல் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும், வெப்பமான போத்தலும் குலுக்கின போத்தலும்தான் வெடிக்கும். ஸ்டோரிலிருந்து தூக்கி வரும்போதே குழந்தையைத் தூக்குகிற மாதிரி வா. தாளை எடு. கம்பி வலையைத் தளர்த்தும் நேரத்திலிருந்து தக்கை வெளியே வரும்வரை ஒரு கைப் பெருவிரல் தக்கையின் மேலேயே இருக்க வேண்டும், ஒரு கணம்கூட எடுக்கக்கூடாது. கம்பியை ஆறு அரைச்சுற்று சுற்றினால் தளரும், அதைக் கழற்றாமல் தக்கையோடு சேர்த்தே பிடி. போத்தலை 45 பாகை சரித்து, யாரும் இல்லாத பக்கம் வாயைத் திருப்பு, மேல் கை தக்கையை இறுக்கிப் பிடித்திருக்க, கீழ் கை போத்தலின் அடியைச் சுற்றட்டும். தக்கை தானாக மேலே தள்ளும், நீ அதை விடாமல் எதிர்த்துப் பிடித்து மெதுவாக விட வேண்டும், கடைசியில் உஸ் என்று ஒரு மூச்சு மட்டும் வரும். கெஸ்ட் டப் என்று சத்தம் கேட்டாலும் உள்ளே இப்படியே திறக்கப் பழகு, தெறித்த தக்கை கண்ணில் பட்டால் கண் போய்விடும். கிளாஸில் முதலில் இரண்டு விரல் உயரம் ஊற்றி நுரை அடங்கியதும் நிரப்பு.

மிச்ச வைன்: மூடிப் பிரிட்ஜில் வைத்தால் வைட்டும் ரோசேயும் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும், ரெட்டையும் பிரிட்ஜிலேயே வை, பரிமாற முன் வெளியே எடு. பொங்குகிற வகைக்கு அதற்கென்று இருக்கிற இறுக்கு மூடி போட்டால் ஒன்று இரண்டு நாள். போர்ட் வாரக்கணக்கில் நிற்கும். கிளாஸ் கணக்கில் விற்கிற போத்தல் ஒவ்வொன்றிலும் திறந்த திகதியை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டு, காலை ஷிப்ட்காரர் திறந்ததை ராத்திரி ஷிப்ட்காரர் ஊற்றுவார், திகதி இல்லாவிட்டால் எது நேற்றையது, எது போன கிழமையது என்று யாருக்கும் தெரியாது.